கடைசியாக நன்றாக இருந்த நேரம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிடுவேன். அந்த நோட்டுகளில் எல்லாம் இப்போது பேரப்பிள்ளைகள் மீனும் காரும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

தயங்கியதற்கு இரண்டு காரணம். எழுதினால் என் தப்பு வெளியே வரும் என்பது ஒன்று. எங்கள் சனம் கையெடுத்துக் கும்பிடுகிற ஒன்றை நானே உடைத்த மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொன்று. நானும் அந்தத் தாயைக் கும்பிடுகிறவன்தான். இன்றைக்கும் குளித்து விளக்கேற்றாமல் என் வாயில் தேத்தண்ணி படாது.

இப்போது எழுதுகிறேன் என்றால் அதற்கு என் மச்சான் கோவிந்தசாமி காரணம். என் மனைவி அஞ்சலையின் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் மாரியம்மன் கோயில் தலைவர். கும்பாபிஷேகத்துக்கு நினைவு மலர் அச்சுப் போடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து இரண்டு வெள்ளைத் தாளை என் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு ஆத்தா வந்து கேட்டாள்ல, அதை நீதான் எழுதணும் மச்சான். பக்கத்துல நின்னவன் நீ. ஆஸ்பத்திரியில வேலை செஞ்சவன் வேற. நீ எழுதுனா சனம் நம்பும்லா."

சரி என்றேன். எழுதுகிறேன். ஆனால் இரண்டு தாளில் அடங்காது.

நான் டாக்டர் இல்லை. முப்பத்தைந்து வருடம் அரசாங்க மருத்துவமனையில் அட்டெண்டனாக இருந்தவன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, நோயாளியைத் தூக்கிப் படுக்க வைப்பது, ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவது, இறந்தவரைத் துணியில் சுற்றுவது, இவைதான் என் வேலை. உலு யாம் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. தோட்டத்து டிரஸரிடம் புண் கழுவவும் கட்டுப் போடவும் கற்றுக்கொண்டு, கல்யாணமான வருடம் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்ந்தேன். கற்றது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அஞ்சலையைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட என் பெயரைச் சொன்னதில்லை. என்னை அவள் கூப்பிடுவது "ஏங்க" என்றுதான். சந்தையில் ஆயிரம் பேர் இருந்தாலும் அந்த "ஏங்க"வுக்கு நான் ஒருவன்தான் திரும்புவேன். தலைப்பிரசவத்துக்குச் சேர்த்தபோது மலாய்க்கார நர்ஸ் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறாள். இவள், "முருகன் பேரு, ஆறுமுகம் இருக்குல்ல, அவருக்கே இன்னொரு பேரு" என்று சுற்றி வளைத்திருக்கிறாள். நர்ஸ் ஆறுமுகம் என்றே எழுதிவிட்டாள். என் பெயர் சுப்பையா. என் மூத்த மகளின் முதல் அட்டையில் அப்பா பெயர் ஆறுமுகம். வார்டில் எல்லாரும் என்னைப் பார்த்து, "ஆறுமுகம் யாருய்யா, எங்க போயிட்டான் அந்த ஆளு?" என்று கேலி செய்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசிப் பன்னிரண்டு வருடம் அவசரப் பிரிவில் இருந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தவராம். ஒல்லியான உடம்பு, குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்து போகும், பக்கத்தில் போய்த்தான் திட்டு வாங்க வேண்டும்.

பக்கவாதம் என்று ஆள் வந்தால் அவர் செய்வது ஒரே ஒழுங்கில் இருக்கும். முதலில் பல்லைக் காட்டச் சொல்வார். வாய் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்வார். எந்தக் கை தானாக இறங்குகிறது என்று பார்ப்பார். ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார். அதற்குள் நான் தலைமாட்டை உயர்த்தியிருக்க வேண்டும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க எல்லாம் எடுத்து வைத்திருக்க வேண்டும். யாரும் வாயில் தண்ணீர் ஊற்றிவிடாமல் பார்ப்பதும் என் பொறுப்பு. சனம் பாசத்தில் முதலில் செய்வது அதுதான். விழுங்க முடியாதவனுக்கு அது நெஞ்சுக்குள் போய்விடும்.

பிறகு டாக்டரம்மா, நோயாளியோடு வந்தவரைப் பார்த்துக் கேட்பார். "ஆள் கடைசியா நல்லா இருந்தது எத்தினை மணிக்கு?"

எப்போது விழுந்தார் என்று கேட்க மாட்டார். நன்றாக இருந்ததைக் கடைசியாகக் கண்ணால் பார்த்தது எப்போது என்றுதான் கேட்பார். அதை ஒரு வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டில் மார்க்கரால் எழுதிக் கட்டில் கம்பியில் ஒட்டுவார். பெரிய மருத்துவமனைக்கு அம்புலன்ஸ் ஏறும்போது அந்தத் துண்டும் ஸ்ட்ரெச்சரோடு போகும். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான் கணக்கு. நேரம் தெரியாவிட்டால் மருந்து கொடுக்கப் பயப்படுவார்கள்.

எங்கள் சனத்திடம் அந்த நேரத்தை வாங்குவது லேசான காரியமில்லை. சபாக்கிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். அவர் சம்சாரம், "காத்தாலதான் டாக்டரம்மா" என்றது.

"காலமை எண்டால்? நாலு மணியும் காலமைதான், பதினொண்டும் காலமைதான்."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, டாக்டரம்மா என்னா பாஷை பேசுது?" என்றது.

"தமிழ்தாம்மா. யாழ்ப்பாணத் தமிழ்."

"நம்ம தமிழே எனக்கு இப்ப வரமாட்டேங்குது, இதுல இது வேறயா" என்று அந்த அம்மாள் அழுகையோடு சொன்னது. டாக்டரம்மாவுக்குக்கூட உதட்டோரம் ஆடியது.

நான்தான் குந்தி உட்கார்ந்து கேட்டேன். பெரட்டுக்கு ஆள் போன பிறகா, முன்னாடியா? பள்ளிக்கூட பஸ் போயிருச்சா? அப்ப அவரு கையில என்னா இருந்துச்சு? தோட்டத்தில் பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பது. அப்படிக் கேட்டுக் கேட்டு ஆறே முக்கால் என்று வந்தது. டாக்டரம்மா எழுதி ஒட்டினார். அதற்குப் பிறகு தமிழ் நோயாளி வந்தால், "சுப்பையா, நேரம் கேளும்" என்று சொல்லிவிடுவார். எத்தனை வீட்டுக்காரர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு தடவை சுங்கை பஞ்சாங்கிலிருந்து நெல் லோரி ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். வரும்போது கை மட்டும்தான் இழுத்திருந்தது, பேச்சு இருந்தது. அம்புலன்ஸுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் என் கண்ணெதிரே கால் போனது, பிறகு பேச்சு குழறிப் போனது. ஆளை ஏற்றி அனுப்பிவிட்டு நான் கேட்டேன்.

"டாக்டர், அடைச்சது ஒரு எடத்துலதானே? குழாய் அடைச்சா அடைச்ச எடம் மட்டும்தானே சாகணும்? ஏன் நேரம் போகப் போக மத்ததும் போவுது?"

வேறு டாக்டராக இருந்தால், உனக்கெதற்கு என்று சொல்லியிருப்பார். இவர் காலியான கையுறைப் பெட்டியைக் கிழித்து, உட்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டார்.

"இது ஒரு நரம்புச் செல். இது பக்கத்துச் செல். இது அதோட கதைக்கும்."

"கதை சொல்லுமா?"

"ஐயோ, பேசும் எண்டு வையும். வாயால இல்லை. ஒரு துளி ரசாயனத்தை விடும்." வட்டங்களுக்கு நடுவில் சின்னப் புள்ளிகள் வைத்தார். "குளுட்டமேட் எண்டு பேர். ஒரு துளி ஒரு சொல் மாதிரி. மற்றது கேட்டிட்டுதெண்டால் அந்தத் துளியை உடனே துடைச்செடுத்து வைக்கோணும். துடைக்கிறதுக்குச் சக்தி வேணும். சக்தி ரத்தத்தில வருது. ரத்தம் நிண்டால்?"

"துடைக்க முடியாது."

"துடைக்கவும் ஏலாது, வாயை மூடி வைச்சிருக்கவும் ஏலாது. உள்ளுக்க இருக்கிற எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டிப் போடும்."

பிறகு இரண்டாவது வட்டத்தைப் புள்ளிகளால் நிரப்பினார். பக்கத்துச் செல்லுக்கு அவ்வளவு துளியும் மேலே வந்து விழுந்ததும் அதன் கதவெல்லாம் திறந்துகொள்கிறது. சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், உள்ளே பாய்கிறது. உள்ளே போனதும் அந்தச் செல் தன்னைத்தானே கரைக்க ஆரம்பிக்கிறது. அதுவும் சாகும்போது தன்னிடம் இருந்ததைக் கொட்டுகிறது. அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது. நடுவில் ரத்தமே இல்லாத இடம் சீக்கிரம் செத்துவிடுகிறது. சுற்றி ஓரத்தில் இருப்பவற்றுக்குக் கொஞ்சம் ரத்தம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவை வேலை செய்யாது, ஆனால் சாகவில்லை. அவற்றைத்தான் காப்பாற்றப் பார்க்கிறோம். அவற்றைத்தான் இந்தக் கொட்டல் நிமிஷத்துக்கு நிமிஷம் அரித்துக்கொண்டு போகிறது. இவ்வளவையும் ஒரு பெட்டி அட்டையில் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

"அதை நிறுத்த மருந்து இல்லியா டாக்டர்?"

"எத்தினையோ பேர் செய்து பார்த்தினம். எலிக்கு வேலை செய்தது. மனிசருக்குச் செய்யேல்லை." பேனாவை மூடினார். "அதாலதான் நான் நேரம் கேக்கிறன். விளங்குதோ?"

விளங்கியது. அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் அஞ்சலையிடம்கூடக் காட்டினேன். "ஏங்க, மண்டைக்குள்ள இத்தனை நடக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றை வடிக்கப் போய்விட்டாள்.

இனிமேல் எழுதுவதுதான் நாலு வருடமாக எழுத முடியாதது.

எங்கள் கோயில் தோட்டத்துக் கோயில். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது, அம்மன் இருந்த இடம் கடை வரிசைக்கு முன்னால் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. அம்மனைத் தூக்கி வந்து பெரிய சாக்கடை ஓரமாகத் தகரக் கொட்டகையில் வைத்தோம். அது எல்லார் மனதிலும் ஆறாத புண்.

அஞ்சலைக்கு ஆடித் திருவிழாவில் வருடா வருடம் அருள் வரும். அது வரும் விதம் எனக்கு அத்துப்படி. முதலில் ஒரு கூச்சல். தலைமுடி அவிழும். வேப்பிலையை இரண்டு கையிலும் வாங்குவாள். எதிரில் நிற்பது யாராக இருந்தாலும் "மகனே" என்பாள், அல்லது "டேய்" என்பாள். என்னையும் அப்படித்தான். அந்த நேரத்தில் நான் அவளுக்குப் புருஷன் இல்லை, ஆத்தாளுக்குப் பிள்ளை.

அந்த வருடம், நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, அவள் பத்து நாள் விரதம் இருந்தாள். விரதத்தில் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டாள் என்று எனக்குத் தெரியும். மாத்திரையை விடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று சும்மா இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பால்குடம் வந்து சேர்ந்தது. பத்து மணிக்கு அன்னதானம் திறப்பது என் பொறுப்பு, அதனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அஞ்சலை குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, வேர்வை ஊத்துது பாருங்க, துண்டால தொடைங்க" என்றாள். துடைத்தேன். அப்போது மணி ஒன்பது முப்பத்தைந்து.

அதற்குக் கொஞ்சம் பிறகு அவள் தூணில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். கூச்சல் இல்லை. முடி அவிழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது, எச்சில் வழிந்தது. "ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். உறுமி மேளம் பக்கத்தில் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். கோவிந்தசாமி மச்சான் நெற்றி நிறையத் திருநீறு பூசி முன்னால் மண்டியிட்டார்.

"வந்துட்டியா தாயே? சொல்லு தாயே."

அவள் வாயை அசைத்தாள். நாக்கு புரளவில்லை. "எ...ங்...க" என்று வந்தது.

"எங்கன்னு கேக்குறா! என்னா எங்க தாயே?"

மறுபடியும் அதே சத்தம்.

மச்சானுக்குக் குரல் உடைந்துவிட்டது. "பழைய எடத்தைக் கேக்குறியா தாயே? உன் எடம் எங்கன்னு கேக்குறியா?"

அவ்வளவுதான். கூட்டம் ஓவென்று அழுதது. வயசான ஆட்கள் தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் உன்னைக் காப்பாற்றவில்லையே தாயே என்று ஒருவருக்கு மேல் ஒருவர். நானும் அழுதேன். கையெடுத்துக் கும்பிட்டு, எங்களை மன்னிச்சிரு தாயே என்றேன்.

அவள் வலது கையில் வேப்பிலையைக் கொடுத்தார்கள். விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள். விழுந்தது. மூன்றாவது தடவையும் விழுந்ததும், "ஆத்தா கோவமா இருக்கா, வேப்பிலை வேணாங்குறா" என்றார் மச்சான். ஒரு கை தானாக இறங்குவதைப் பார்ப்பதே என் பிழைப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடது கையால் அவள் என் வேட்டியைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். கண் என்மேலேயே இருந்தது. ஆத்தா ஆசீர்வாதம் பண்ணக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, நான் குனிந்து அவள் கைக்குக் கீழே என் தலையைக் கொண்டுபோய் வைத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று பிறகு கணக்குப் போட்டேன். நாற்பது நிமிஷத்துக்குக் குறையாது.

யாரோ ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயில் ஊற்றினார்கள். புரையேறி இருமினாள். தண்ணீர் வலது கடைவாயில் மட்டும் வழிந்தது. இடது பக்கம் ஒரு சொட்டு இல்லை. அப்போதுதான் என் கண் திறந்தது. தண்ணீர் ஊற்றாதே என்று முப்பது வருடம் கத்தியவன் கத்தினேன். கீழே உட்கார்ந்து அவள் முகத்தைப் பிடித்து, "அஞ்சலை, பல்லைக் காட்டு! அஞ்சலை!" என்றேன்.

"ஆத்தாளைப் பேர் சொல்லிக் கூப்புடுறியா நீ?" என்று பின்னாலிருந்து ஒருவர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"ஆத்தா இல்ல. இது வாதம். வண்டியை எடுங்க!"

மச்சான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மச்சான், மலையேறட்டும். அதுக்கு முந்தி தூக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும். தூக்குனா அவளுக்குத்தான் ஆகாது. என் தங்கச்சிடா அவ. கற்பூரம் எரிஞ்சு முடியட்டும்."

அருள் இறங்கிப் போவதை நாங்கள் மலையேறுவது என்போம். கற்பூரம் ஏற்றி வழியனுப்ப வேண்டும். நடுவில் உடம்பைத் தொட்டுத் தூக்கினால் ஆத்தா கோபம் அந்த உடம்பின்மேலேயே இறங்கும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான்.

கற்பூரம் எரிந்தது. தட்டு நிறையக் கொட்டியிருந்தார்கள். நான் நின்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் நாற்பது நிமிஷம் தெரியாமல் நின்றேன். இந்தப் பத்து நிமிஷம் தெரிந்தே நின்றேன். பெட்டி அட்டையில் போட்ட அந்த வட்டங்கள் என் கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஒன்று கொட்டுகிறது, பக்கத்தது சாகிறது, அதுவும் கொட்டுகிறது. கற்பூரம் தானாக அணைய வேண்டும் என்று நானும் சேர்ந்து காத்திருந்தேன்.

மச்சானின் வேனில்தான் போனோம். அன்று டாக்டரம்மா இருந்தார். நான் தள்ளுகிற ஸ்ட்ரெச்சரில் அஞ்சலையைப் படுக்க வைத்து நானே தள்ளினேன். பல்லைக் காட்டச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார். பிறகு பிளாஸ்திரியைக் கிழித்து மார்க்கரைத் திறந்தார்.

"கடைசியா நல்லா இருந்தது எத்தினை மணிக்கு?"

மச்சான் முந்திக்கொண்டார். "பத்தரைக்கு ஆத்தா மலையேறுனா டாக்டரம்மா. அதுக்கப்புறந்தான் இப்படி. அதுவரைக்கும் ஆத்தா இருந்தா, ஒண்ணுமில்ல."

மச்சான் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் உண்மை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். குரல் ரொம்பத் தாழ்ந்துவிட்டது.

"சுப்பையா. நேரம்."

"ஒம்பது முப்பத்தஞ்சு. வேர்வையைத் தொடைக்கச் சொன்னா."

எழுதினார். கட்டில் கம்பியில் ஒட்டினார். அப்போது மணி பதினொன்று. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம்.

பெரிய மருத்துவமனைக்குப் போய், மூளையைப் படம் எடுத்து முடிக்க மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. நாலரை மணி நேரம் தாண்டவில்லை. ஆனால் படத்தில் பெரிய பகுதி ஏற்கெனவே கெட்டுவிட்டது, இனி மருந்து போட்டால் அந்த இடத்தில் ரத்தம் கசியும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வாதாடத் தெரியவில்லை. வாதாட ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் வார்டில் அவள் கண்ணைத் திறந்தாள். நானும் மச்சானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அவள் என் பக்கம் பார்த்துச் சொன்னாள். கோயிலில் வந்த அதே சத்தம்தான். ஆனால் அங்கே உறுமி இருந்தது, அழுகை இருந்தது. இங்கே விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

"ஏ...ங்...க."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, இன்னும் எங்கன்னு கேக்குறா" என்றார்.

நான் எழுந்து அவள் வாய்க்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"மச்சான், அது எங்க இல்ல. ஏங்க. அன்னிக்கும் அதைத்தான் சொன்னா. என்னைக் கூப்புட்டிருக்கா."

அவர் தங்கையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்படிச் சொல்லாத மச்சான். ஊரே அழுதுச்சே" என்றார்.

அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நான் அந்த நிமிஷமே திரும்பியிருப்பேன். ஆத்தா யாரையும் சுப்பையா என்று கூப்பிட மாட்டாள். ஒரு நாளும் சொல்லாத பெயரை அன்றைக்கும் அவள் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்த ஐம்பது நிமிஷம் கையில் இருந்திருந்தால் அவள் பேச்சு பிழைத்திருக்குமா என்று. மற்றவர்கள் சொல்வதுபோல், அதையெல்லாம் நினைக்காதே என்று அவர் சொல்லவில்லை.

"தெரியாது சுப்பையா. உண்மையா எனக்குத் தெரியாது. பேச்சுக்குரிய இடம் ஓரத்திலதான் இருந்திருக்கு. உம்மைப் பார்த்து, உம்மை எண்டு தெரிஞ்சு கூப்பிட்டவ எண்டால், அந்த நேரம் அது உயிரோட இருந்திருக்கு."

"இப்பவும் ஏங்கன்னுதானே டாக்டர் சொல்றா?"

அதற்கும் அவர் உண்மையைத்தான் சொன்னார். சிலருக்கு எல்லாப் பேச்சும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சிவிடுமாம். வாய் அதையே சொல்லும். அதைச் சொல்லும்போது அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாதாம்.

நாலு வருடமாக என் வீட்டில் அந்தச் சொல்தான் கேட்கிறது. தாகத்துக்கு ஏங்க. வலிக்கு ஏங்க. விசிறி நின்றால் ஏங்க. மகள் போனில் பேசினால் ஏங்க. கூரையில் பல்லியைப் பார்த்தாலும் ஏங்க. என்னைக் கூப்பிடுகிறாளா, வெறும் சத்தமா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் "இந்தா இருக்கேன்" என்று சொல்கிறேன். சில நாள் பின்கட்டில் துணி அலசும்போதுகூடச் சொல்லிக்கொண்டே ஓடி வருகிறேன். வந்து நின்றால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதற்கிடையில் அந்த வாக்கு வேலை செய்தது. ஆத்தாளே கேட்டுவிட்டாள் என்று சனம் கையெழுத்து வாங்கியது, அலுவலகம் அலுவலகமாக ஏறியது. பழைய இடத்தை ஒட்டி ஒரு துண்டு நிலம் கிடைத்துவிட்டது. கோபுரம் எழும்பியிருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. நான் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். தாய் தன் இடத்துக்குத் திரும்பியதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவள் வரவில்லை. வந்திருந்தால் குனிந்த என் தலையில் ஓங்கி ஒன்று போட்டு, எழுந்து ஓடுடா என்றிருப்பாள். இப்போது நான் அவளிடம் எதையும் கேட்பதில்லை. விளக்கேற்றுகிறேன், கும்பிடுகிறேன், வந்துவிடுகிறேன். ஒன்பது முப்பத்தைந்து என்று எழுதிய, நான் கம்பியிலிருந்து உரித்து எடுத்து வந்த அந்தப் பிளாஸ்திரித் துண்டு அம்மன் படத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அவளுக்குத் தெரியட்டும் என்று ஒட்டினேன்.

அவசரப் பிரிவில் இப்போது இருக்கிற பிள்ளைகள், படத்தைப் போனிலேயே பெரிய டாக்டருக்கு அனுப்பிவிடுகிறோம் அண்ணே, அந்தக் காலம் மாதிரி இல்லை என்கிறார்கள். நல்லதுதான் ஐயா. ஆனால் படம் எடுக்க ஆள் உங்கள் வாசலுக்கு வந்து சேர வேண்டுமே. எங்கள் கோயிலிலிருந்து உங்கள் வாசலுக்கு வேனில் கால் மணி நேரம்தான்.

மச்சான், இதை உங்கள் கையில்தான் கொடுக்கப் போகிறேன். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கற்பூரம் எரிந்தபோது நீங்களும் நின்றீர்கள், நானும் நின்றேன். நீங்கள் தெரியாமல் நின்றீர்கள். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் மனசு. போடாவிட்டாலும் கிழிக்காதீர்கள், யாராவது ஒருவரிடம் கொடுங்கள்.

யார் கைக்கு வந்தாலும் வந்தபடியே அடுத்தவருக்குக் கொடுங்கள். என்மேல் இரக்கப்பட்டு நிமிஷத்தைக் குறைக்க வேண்டாம். என்னைத் திட்டுவதற்காக அம்மனை இழுக்கவும் வேண்டாம். இன்னும் ஒன்று. அச்சுக் கோப்பவர், இந்தக் கிழவனுக்கு எழுத்துப் பிழை என்று நினைத்து, "ஏங்க" என்று நான் எழுதியிருக்கிற இடத்தில் "எங்கே" என்று போட்டுவிடக் கூடாது. அவள் சொன்னதை ஒரு தடவை திருத்தியாகிவிட்டது.